எடமாமேயும் அகுனியும்: தில்லியில் ஒரு விதையின் பல வாழ்வுகள்

தில்லி ஐ.என்.ஏ. சந்தையில் தூதரகக் குடும்பங்களும் உணவகக்காரர்களும் நாடிவரும் சில கடைகள் உண்டு. அவற்றின் உறைபெட்டிகளில், இறால் பொட்டலங்களுக்கும் உறைந்த பட்டாணிக்கும் நடுவே, எடமாமே இடம்பிடித்துச் சில ஆண்டுகள் ஆகின்றன. மெல்லிய மயிர் படர்ந்த பச்சைக் காய்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு அல்லது மூன்று விதைகள். தென் தில்லி உணவகங்கள் இதே விதையை அரைத்து, டிரஃபிள் எண்ணெய் கலந்து, கண்ணாடி போன்ற மாவுறைக்குள் பொதிந்து ஆவியில் வேகவைத்துத் தருகின்றன. புதிய உணவு, ஜப்பானிய உணவு, உடல்நலத்துக்கு உகந்த உணவு என்ற மூன்று அடைமொழிகளுடன் அது நகரத்து வீடுகளுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. மூன்றாவதை உணவியலார் ஆராயட்டும். முதலிரண்டும் வரலாற்றுக்குரியவை. இரண்டுமே பாதி உண்மைகள்.

எடமாமே தனிப் பயிரன்று. எண்ணெய்க்கும் மாவுக்கும் கோழித் தீவனத்துக்கும் பயிராகும் அதே சோயாவின் காய்தான், விதை பருத்து, ஆனால் முற்றாமல், காய் பச்சையாக இருக்கும் பருவத்தில் பறிக்கப்படும்போது எடமாமே ஆகிறது. சற்றுப் பெரிய விதையும் மிகுந்த இனிப்பும் கொண்ட வகைகளை இதற்கென்றே தேர்ந்திருக்கிறார்கள் என்பது மட்டுமே வேறுபாடு. தமிழில் இந்த இரு பருவங்களையும் பிரித்துச் சொல்லும் வழக்கம் முன்பே இருக்கிறது: பச்சையாக இருப்பது காய், உலர்ந்தது நெற்று. சோயா உலகெங்கும் நெற்றாகவே பயணம் செய்தது. கிழக்காசியாவில் மட்டும் காயாகவும் உண்ணப்பட்டது. இன்றைய குழப்பங்களில் பாதி இதிலிருந்தே தொடங்குகின்றன.

வீட்டில் சமைக்கும் முறை எளிது. ஆயினும் ஒவ்வொரு படிக்கும் காரணம் இருக்கிறது. ஜப்பானிய வீடுகளில் புதிய காய்களின் இரு முனைகளையும் கத்தரியால் நறுக்குவார்கள். உப்பு உள்ளே புகுவதற்கான வாசல் அது. பின்பு கைப்பிடி உப்பைத் தூவி, இரு உள்ளங்கைகளுக்கும் இடையில் காய்களை அழுத்தித் தேய்ப்பார்கள். மேலேயுள்ள மயிர் உதிர்கிறது. தோல் சிராய்ந்து உப்பை ஏற்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 40 கிராம் உப்பு என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் அளவு. தேய்க்கும் உப்பும் இதில் அடங்கும். நன்கு கொதிக்கும் நீரில் நான்கைந்து நிமிடம் வேகவைத்து வடித்த பின், குளிர்ந்த நீரில் போடாமல், பரப்பி விசிறி ஆறவைப்பார்கள். நீரில் போட்டால் ஏறிய உப்பும் இனிப்பும் நீரோடு போய்விடும். தில்லிக் கடையில் கிடைக்கும் உறைந்த காய்கள் முன்பே அரைவேக்காட்டில் வெந்தவை. அவற்றுக்கு இரண்டு மூன்று நிமிடக் கொதிப்பே போதும். ஆனால் கொதிப்பு என்பதே இல்லாமல் இந்த விதையை உண்ணலாகாது. பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் உள்ளன. வெப்பம் அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. மேல்தோல் நார் மிகுந்தது, தின்பதற்கன்று. காயை உதட்டருகே வைத்து விரலால் அழுத்தினால் விதை தானே வாய்க்குள் தாவும்.

பறித்த சில மணி நேரத்திலேயே காயின் சர்க்கரை குறையத் தொடங்கிவிடும். ஆகவே பழைய ஜப்பானில் காய்களைக் கிளையிலிருந்து பிரிக்காமல் கொத்தாகவே விற்றார்கள். எடோ நகரத் தெருக்களில் கிளையோடு அவித்த காய்களைக் கூவி விற்ற வணிகர்கள் இருந்தனர். ‘எட’ என்றால் கிளை, ‘மாமே’ என்றால் அவரையினப் பருப்பு. பெயர் சுவையைச் சொல்லவில்லை, நிறத்தைச் சொல்லவில்லை. விற்ற முறையைச் சொல்கிறது. இச்சொல்லுக்குப் பழைய சான்றாக, பௌத்தத் துறவி நிச்சிரென் தமக்குக் காணிக்கையாக வந்த எடமாமேக்கு நன்றி கூறி 1275இல் எழுதிய கடிதத்தைக் காட்டுவார்கள். சீனர்கள் இதையே ‘மாவ் தோவ்’, அதாவது மயிர்ப் பயறு, என்று தோற்றத்தை வைத்து அழைத்தனர். ஆங்கிலப் பேரகராதியான ஆக்ஸ்போர்டு இச்சொல்லை 2003இல்தான் ஏற்றது. கிளையிலிருந்து உதிர்த்து உறையவைத்துக் கடல் கடந்து வரும் காய்க்கும் ‘கிளைப் பருப்பு’ என்ற பெயர் நிலைத்துவிட்டதில் சிறு நகைச்சுவை இருக்கிறது. சொற்கள் தம் பிறப்பிடத்தை இப்படித்தான் மறக்கின்றன.

இளம் பயற்றங்காயை உப்பிட்டு அவித்து உடைத்துத் தின்பது என்ற செயலை எடுத்துக்கொண்டால், அதற்கு ஜப்பானிடம் தனியுரிமை ஏதுமில்லை. மார்கழி, தை மாதங்களில் தமிழகத்தின் மானாவாரி ஊர்களில் துவரங்காயைத் தோலோடு உப்புநீரில் அவித்து, திண்ணையில் உட்கார்ந்து உரித்துத் தின்பது சமையல் என்றுகூட எண்ணப்படாத சமையல். பச்சை மொச்சையும் அப்படியே. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் ஊறவைத்த மொச்சை விதையைத் தோல் நீங்க அழுத்தி எடுப்பதால் அது ‘பிதுக்குப் பருப்பு’ ஆனது. எடமாமே உண்ணும் கையசைவுக்கு இதைவிடப் பொருத்தமான வினைச்சொல் வேறெந்த மொழியிலும் எளிதில் அகப்படாது. கன்னடத்தில் இதே பருப்பு ‘ஹிதகித பேளெ’. பால் ‘ஹாலு’ ஆகி, பல் ‘ஹல்லு’ ஆன அதே பகர–ஹகர மாற்றத்தின் வழியே பிதுக்கும் அங்கே உருமாறி நிற்கிறது. இரு மொழிகளும் ஒரே வினையைப் பகிர்ந்துகொள்வதால், செயலும் சொல்லும் சேர்ந்தே பழையவை என்று கருத இடமுண்டு.

தில்லிக்கு அருகே வந்தால் சான்று இன்னும் செறிவாகிறது. குளிர்காலத்தின் பிற்பகுதியில் நகரின் தள்ளுவண்டிகளில் பச்சைக் கொண்டைக்கடலை செடியோடு கொத்துக் கொத்தாக வருகிறது. பஞ்சாபியர் வழக்கில் அது சோலியா. பிகாரிலிருந்து வந்தோர் வாயில் பூட். எடமாமேயைப் போலவே இதன் காயிலும் மயிர் உண்டு. அம்மயிர்களில் சுரக்கும் மாலிக், ஆக்ஸாலிக் அமிலங்களால் உரித்த விரலை நக்கினால் புளிக்கும். பனி பெய்யும் இரவில் கடலைச் செடிகளின் மேல் துணியை விரித்து, விடியலில் பிழிந்து, அந்தப் புளிப்பு நீரை மருந்தாகச் சேர்த்து வைத்த வழக்கமும் இந்நாட்டில் இருந்தது. உரித்த சோலியாவைத் தனி விலைக்கு விற்பார்கள். உரிக்கும் கூலி விலையில் தெரியும். வெங்காயம், தக்காளி, இஞ்சியோடு கறியாகவும், சோற்றோடு புலாவாகவும் அது மாறும்.

ஆனால் எல்லாவற்றினும் பழைய முறை, செடியோடு வைக்கோல் தீயில் வாட்டிக் கருகிய தோலை ஊதி உண்பது. பஞ்சாபில் அதற்கு ‘ஹோலான்’ என்று பெயர். 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவமிச்ரரின் பாவப்பிரகாசம் என்ற மருத்துவ நூல், புல் தீயில் அரைகுறையாக வாட்டிய பயற்றங்காய்களை ‘ஹோலகம்’ என வரையறுத்து அதன் குணங்களையும் சொல்கிறது. ஹோலிப் பண்டிகையின் பெயரோடு இதற்குள்ள உறவைப் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. அவ்விவாதம் எப்படி முடிந்தாலும், பண்டிகையின் பழம்பெயரான ஹோலாகா மீமாம்சை நூல்களில் எங்கே வருகிறது என்பது கவனிக்கத்தக்கது: ஒரு வட்டாரத்தாரிடம் மட்டும் காணப்படும் வழக்கம் அவர்களுக்கு மட்டும் உரியதா, எல்லோருக்கும் உரியதா என்ற கேள்வியை விவாதிக்க எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டாக வருகிறது. கிழக்கத்தியரின் வழக்கம் என்று சபரர் அதைக் குறிக்கிறார். உணவைப் பற்றிய இந்தியச் சண்டைகள் பலவற்றின் அடியில் இன்றும் இருப்பது இதே கேள்விதான்.

ஆகவே, உண்ணும் முறை இங்கே புதியதன்று. விதையாவது புதியதா?

பாடநூல்களில் காணும் கதை ஆம் என்றே சொல்கிறது. சோயா சீனாவில் காட்டுவகையிலிருந்து பயிராக்கப்பட்டது. ஐரோப்பியர் வழியாக இந்தியா வந்தது. பசுமைப் புரட்சிக் காலத்தில் பரவியது. பெயரே இதற்குச் சாட்சி போலத் தோன்றும். ஜப்பானிய ‘ஷோயு’ என்பது ஒரு குழம்புச்சாற்றின் பெயர். நாகசாகியில் வணிகம் செய்த டச்சுக்காரர்கள் அதைத் தம் மொழிக்குக் கொண்டுபோனார்கள்; ஆங்கிலம் டச்சிலிருந்து எடுத்தது; தமிழும் இந்தியும் ஆங்கிலத்திலிருந்து எடுத்தன. சாற்றின் பெயர் விதையின் பெயராயிற்று. புளிக்குழம்பை மட்டும் அறிந்த ஒருவர் புளியமரத்துக்குப் ‘புளிக்குழம்பு மரம்’ என்று பெயர் வைத்தது போன்றது இது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வெளியீடுகள் பயன்படுத்தும் ‘சோயா மொச்சை’ என்ற தொடர் இந்த வகையில் தெளிவானது: முதற்பாதி கடன், பிற்பாதி உறவு. பார்த்த விதைக்குத் தெரிந்த சுற்றத்திலிருந்து ஓர் இனப்பெயரைத் தமிழ் கொடுத்தது.

ஆனால் கடன்பெயரை மட்டும் வைத்துப் பயிரின் வயதைக் கணிப்பது தவறு. இமயமலைச் சரிவுகளில் சோயாவுக்கு ‘சோயா’ என்ற பெயரே தேவைப்படவில்லை. குமாவுன், கட்வால் மலைகளில் கறுப்புச் சோயா ‘பட்’ எனப்படுகிறது. அதை வறுத்துக் கொதிக்கவைத்த சுட்கானியும், ஊறவைத்து அரைத்து இரும்புச் சட்டியில் மெல்லக் காய்ச்சிய டுப்கேயும் அங்கே வீட்டுக்கு வீடு உள்ள குழம்புகள். நேபாளியில் அது பட்மாஸ். ஈற்றிலுள்ள ‘மாஸ்’ உளுந்தைக் குறிக்கும் மாஷம் என்ற வடசொல்லை நினைவூட்டுகிறது. நேவார் மக்களின் சமய்பஜி விருந்துத் தட்டில் வறுத்த கறுப்புச் சோயா ‘முஸ்யா’ என்ற பெயரில் அமர்ந்திருக்கும். காசி மொழியில் பயற்றுக்குப் பொதுப்பெயர் ‘ரும்பை’. அவர்களது புளிக்கவைத்த சோயா துங்ரும்பை. மணிப்பூரில் ஹவாய்ஜார், மிசோரத்தில் பேகாங், சிக்கிமிலும் நேபாளத்தின் கிழக்கு மலைகளிலும் கினேமா, நாகாலாந்தில் அகுனி. ஓர் அயற்பொருள் அண்மையில் வந்து சேர்ந்திருந்தால் அதன் பெயரும் கூடவே வந்திருக்கும். மலையெங்கும் ஒரே சொல்லின் திரிபுகள் ஒலிக்கும். இங்கோ மொழிக்கு ஒரு பெயர், அதுவும் அந்தந்த மொழியின் சொந்த வேர்களிலிருந்து. ஜப்பானிய தாவரவியலார் சசுகே நகாவோ, ஜப்பானின் நாட்டோ, ஜாவாவின் டெம்பே, இமயமலையின் கினேமா மூன்றையும் இணைத்து ‘நாட்டோ முக்கோணம்’ ஒன்றை 1970களின் தொடக்கத்தில் முன்மொழிந்தார். அக்கோட்பாட்டின் எல்லாக் கூறுகளையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கிழக்காசியச் சோயாப் பண்பாட்டின் வரைபடத்தில் இந்திய எல்லைக்குள் ஒரு முனை விழுகிறது என்பதை அது காட்டியது.

சமவெளியில் எழுதப்பட்ட இந்தியச் சோயா வரலாற்றுக்கு இந்த முனை கண்ணில் படவேயில்லை. அவ்வரலாறு தோட்டங்களிலும் ஆய்வகங்களிலும் தொடங்குகிறது. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் மொலுக்கத் தீவுகளின் விதையிலிருந்து இச்செடியை வளர்த்த செய்தியை ராக்ஸ்பரோ பதிவு செய்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேளாண்மைத் துறையினர் வங்காளம், பிகார், ஒடிசாவில் கிடைத்த வகைகளைத் திரட்டி, அவற்றின் வணிக மதிப்பை ஆராய்ந்து 1913இல் வெளியிட்டனர். வகைகள் கிடைத்தன என்றால் யாரோ பயிரிட்டு உண்டார்கள் என்றுதானே பொருள்? எப்படி உண்டார்கள் என்ற கேள்வி அந்த ஆய்வுக்கு முதன்மையானதாக இருக்கவில்லை.

1930களில் சோயா திடீரென அரசியல் ஆகிறது. பரோடா அரசின் உணவு ஆய்வுத் துறையைச் சேர்ந்த எஃப். எஸ். காலே 1936இல் சோயாவைப் பற்றி ஒரு பெரும் நூலை, முந்நூறு சமையற் குறிப்புகளுடன், வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டிலேயே வர்தாவின் மகன்வாடியில் காந்தி தம் தோழர்களின் உணவில் சோயாவைச் சேர்த்துச் சோதனை செய்து, ஹரிஜன் இதழில் அதைப் பற்றி எழுதினார். காந்தியின் அக்கறை வெளிப்படையானது: பாலும் நெய்யும் எட்டாத ஏழைக்குக் குறைந்த செலவில் புரதம். இந்த நோக்கத்தின் நேர்மையில் ஐயமில்லை. ஆனால் அதன் விளைவு ஒன்று உண்டு. சோயா இங்கே ஒரு சுவையாக அல்லாமல், ஒரு பற்றாக்குறைக்கு மருந்தாக அறிமுகமாயிற்று. கிண்ணத்தில் உப்பிட்டு வைத்து நண்பர்கள் அரட்டையடித்தபடி உண்ணும் பொருளுக்கும், மாவில் கால்பங்கு கலந்து கண்ணை மூடி விழுங்கும் பொருளுக்கும் நடுவிலுள்ள தொலைவு அது.

அடுத்த பத்தாண்டில் அறிவியலே இந்த உற்சாகத்தைத் தணித்தது. குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தின் காலம் அது. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில், பின்னாளில் மைசூர் நடுவண் உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநரான வி. சுப்ரமணியனும் அவருடைய குழுவினரும் சோயாப் பாலை ஆராய்ந்துகொண்டிருந்தனர். வங்கப் பஞ்சத்தின் நினைவு ஆறாத 1946இல், இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கத்தின் சோயா துணைக்குழு அறிக்கை வெளிவந்தது. அரிசியை முதன்மையாகக் கொண்ட உணவோடு சேர்க்கும்போது, வழக்கமான இந்தியப் பருப்புகளைவிடச் சோயா மேம்பட்டதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. துவரையும் உளுந்தும் கடலையும் உள்ள நாட்டுக்கு இந்த முடிவு வியப்பளிப்பதன்று. ஆயினும் சோயாவை எடைபோட்ட தராசில் சுவை என்ற தட்டு அப்போதும் இல்லை.

அதன்பின் சோயாவை இந்திய வயலில் நிலைநிறுத்தியது எண்ணெய். 1960களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் துணையோடு பந்த்நகர், ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகங்களில் அமெரிக்க மஞ்சள் வகைகள் சோதிக்கப்பட்டன. 1967இல் அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆய்வுத் திட்டம் தொடங்கியது. மழைக்காலத்தில் தரிசாகக் கிடந்த மால்வாவின் கரிசல் நிலம் மஞ்சள் சோயாவால் நிறைந்தது. அங்கே முன்பே இருந்த ‘காலிதூர்’ என்ற கறுப்புச் சோயா ஓரத்துக்குப் போயிற்று. எண்ணெய் பிழிந்த பின் எஞ்சும் பிண்ணாக்கு தீவனமாக ஏற்றுமதியானது. அதன் ஒரு பகுதி, கொழுப்பு நீக்கிய மாவை வெப்பத்திலும் அழுத்தத்திலும் துளைவழியே தள்ளிச் செய்யும் பஞ்சுருண்டைகளாகச் சமையலறைக்கு வந்தது. தமிழர் அதை ‘மீல் மேக்கர்’ என்றனர். தில்லி அதை இன்னொரு படி கொண்டுபோய், மைதா சேர்த்துக் குச்சியில் சுற்றி, தந்தூர் அடுப்பில் வாட்டி, ‘சோயா சாப்’ ஆக்கியது. இறைச்சியின் பெயரையும் வடிவத்தையும் மசாலாவையும் ஏற்று, தன் சுவை எதையும் காட்டாத சோயா. மேற்கு தில்லியின் மாலை நேரத் தெருக்களில் இதற்குள்ள கூட்டத்தைப் பார்த்தால், சோயாவை மக்களிடம் சேர்க்க எண்ணிய 1930களின் கனவு எதிர்பாராத உடையில் நிறைவேறிவிட்டது எனலாம்.

இதே நகரத்தில், இதே விதை, இன்னொரு தெருவில் குற்றமாகவும் ஆனது.

வடகிழக்கு மாநிலங்களிலிருந்து கல்விக்கும் வேலைக்கும் வந்தவர்கள் முனிர்கா, ஹுமாயூன்பூர் போன்ற நகர்ப்புறக் கிராமங்களில் வாடகைக்குக் குடியேறினர். அவர்களது சமையலின் உயிர்ச்சுவைகளில் ஒன்று அகுனி. சோயாவை மெத்தென வேகவைத்து, இலையில் பொதிந்து, அடுப்பங்கரையின் கதகதப்பில் சில நாள் வைத்தால் பாசில்லஸ் நுண்ணுயிர்கள் புரதத்தைச் சிதைத்து, பிசுபிசுப்பும் ஆழ்ந்த சுவையும் கடுமையான மணமும் தருகின்றன. பன்றி இறைச்சியோடும் மிளகாயோடும் அது சேரும்போது வரும் சுவைக்கு ஈடில்லை என்பர் அதை உண்டு வளர்ந்தோர். அகுனி என்ற சுமி நாகர் சொல்லே மணத்தைக் குறிக்கும் சொல்லும் அதன் செறிவைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்தது. கினேமாவின் பெயரும், லிம்பு மொழியில் புளிப்பையும் மணத்தையும் குறிக்கும் சொற்களிலிருந்து பிறந்ததாகக் கருதப்படுகிறது. அந்த மொழிகளில் மணம் இவ்வுணவின் பெருமை, குறை அன்று.

2007இல் தில்லிக் காவல் துறை வடகிழக்கு மாணவர்களுக்கெனப் பாதுகாப்புக் குறிப்புகள் அடங்கிய கையேடு ஒன்றை வெளியிட்டது. மூங்கில் குருத்து, அகுனி போன்ற மணமிக்க உணவுகளை அக்கம்பக்கத்தில் சச்சரவு எழாதவாறு சமைக்கவேண்டும் என்ற அறிவுரை அதில் இருந்தது. நல்லெண்ணத்தில் எழுதப்பட்டதாகவே இருக்கலாம். ஆனால் சச்சரவு செய்பவருக்கு அறிவுரை இல்லை, சமைப்பவருக்கு இருந்தது. தில்லியின் வடகிழக்கு மக்களைப் பற்றி டங்கன் மெக்டூயி-ரா 2012இல் வெளியிட்ட நூலும், அகுனியைத் தேசத்தின் உணவுமேசையில் வைத்துப் பார்த்த டோலி கிகோனின் 2015ஆம் ஆண்டுக் கட்டுரையும் இதன் பின்னணியை விரிவாகப் பேசியிருக்கின்றன. நிக்கோலஸ் கார்கோங்கோர் இயக்கிய ‘அக்ஸோன்’ என்ற 2019ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் கதையே, ஹுமாயூன்பூரில் தோழியின் திருமணத்துக்காக அகுனி சேர்த்த பன்றிக்கறியைச் சமைக்க ஓரிடம் தேடி நண்பர்கள் அலைவதுதான்.

தமிழ் மாணவருக்கு இதில் ஒரு சொல்வரலாறு நினைவுக்கு வரவேண்டும். பழந்தமிழில் நாற்றம் என்பது மணத்துக்கே பெயர். பூவுக்கும் அது உரியது. காலப்போக்கில் அச்சொல் இழிந்து, இன்று எதிர்ப்பொருளில் மட்டுமே வழங்குகிறது. அகுனிக்கு நேர்ந்ததும் இத்தகைய இழிபொருட்பேறுதான். ஒரே வேறுபாடு: நாற்றம் தன் மொழிக்குள்ளேயே நூற்றாண்டுகளில் இழிந்தது, அகுனியோ மலையிலிருந்து தில்லிக்கு ரயிலேறி வந்த பயணத்திலேயே இழிந்தது. கருவாடு வறுத்ததற்காக வாடகை வீட்டில் முகச்சுளிப்பைச் சந்தித்த தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எடமாமேக்கு எந்தச் சச்சரவும் இல்லை. அதற்கு மணம் குறைவு என்பது ஒரு காரணம்தான், முழுக் காரணமன்று. நாட்டோவின் மணம் அகுனியின் மணத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆயினும் ஜப்பானிய உணவகத்தில் அது வரும்போது ‘பழகினால் பிடிக்கும்’ என்று மெல்லச் சொல்லப்படுகிறது. எடமாமே ஜப்பானிலிருந்து நேராகவும் இங்கு வரவில்லை. உறைந்த காயின் உலக வணிகம் தாய்வானின் தெற்கு மாவட்டங்களில், ஜப்பானியச் சந்தையை நம்பி, 1970களுக்குப் பின் வளர்ந்தது. பின்பு சீனப் பெருநிலத்துக்கும் பரவியது. பிறகு அமெரிக்க நகரங்களின் சுஷி உணவகங்கள் அதற்கு ஒரு நாகரிக முகம் கொடுத்தன. தில்லிக்கு வந்து சேர்ந்தது அந்த முகம்.

வந்த பின் அது தில்லியாகவும் மாறிக்கொண்டிருக்கிறது. வெறும் உப்போடு நிறுத்த இந்நகரத்துக்கு மனம் வராது. அவித்து வடித்த சூடான காய்களின் மேல் கறுப்பு உப்பும் வறுத்துப் பொடித்த சீரகமும் மிளகாய்த்தூளும் தூவி எலுமிச்சை பிழிவது இங்கே இயல்பான முறை. தெருவோர மக்காச்சோளத்துக்குச் செய்வதையே இதற்கும் செய்கிறார்கள். நல்லெண்ணெயில் குழைத்த இட்லி மிளகாய்ப்பொடியில் புரட்டினால் எள்ளும் உளுந்தும் இந்தப் பச்சை இனிப்போடு நன்றாகவே சேரும். இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. காயோடு உண்பதாக இருந்தால் மசாலா தோலில்தான் ஒட்டும், விதைக்குப் போகாது. தோலை உதட்டால் இழுக்கும்போது நாக்கில் படுவதே அதன் பங்கு. ஆகவே சற்றுத் தாராளமாகத் தூவலாம். விதையை உரித்துச் சுண்டலாகத் தாளிப்பதென்றால் உப்பைப் பாதியாகக் குறைக்கவேண்டும். கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை, இறுதியில் தேங்காய்த் துருவல். பச்சைப் பட்டாணிச் சுண்டல் தெரிந்த கைக்குப் புதிதாகக் கற்க எதுவுமில்லை. நீண்ட நேரம் அடுப்பில் வைத்து நிறம் மங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

உள்நாட்டு ஆய்வகங்களும் இப்பருவத்தைக் கவனிக்கத் தொடங்கியிருக்கின்றன. ராஞ்சியிலுள்ள வேளாண் ஆய்வு மையம் ‘ஸ்வர்ண வசுந்தரா’ என்ற காய்கறிச் சோயாவை உருவாக்கியது. இந்தூர் சோயா ஆய்வு நிறுவனத்திலிருந்து ‘என்.ஆர்.சி. 188’ வந்திருக்கிறது. எண்ணெய்க்கெனவே ஐம்பது ஆண்டுகளாக அளக்கப்பட்ட பயிரை, பட்டாணியைப் போல உரித்துச் சமைப்பதற்காக வளர்க்கும் முயற்சி இது. இந்தியச் சோயா ஆய்வில் சுவை ஓர் அளவுகோலாக நுழையும் அரிய தருணங்களில் ஒன்று என்றும் சொல்லலாம். மழைக்காலத் தொடக்கத்தில் விதைத்தால் புரட்டாசி வாக்கில் பச்சைக் காய் பறிக்கலாம். தில்லிச் சந்தையில் பட்டாணியும் சோலியாவும் வருவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அப்பருவம் வந்துவிடும்.

நேபாள மலைகளிலும் சோயாக் காய் பச்சையாக இருக்கும் காலம் ஏறத்தாழ அதுவே. தில்லியின் குடியிருப்புகளில் காவலர்களாகவும் சமையற்காரர்களாகவும் வேலை செய்யும் நேபாளியர் பலர், தசைன் திருவிழாவுக்காக ஆனந்த் விஹாரில் பேருந்தேறி ஊருக்குப் போவதும் அந்த நாள்களில்தான். அங்கே அடுப்பில் காயோடு அவித்து, உப்பிட்டு, பிதுக்கித் தின்பதற்குக் காத்திருக்கும் பண்டத்துக்கு ஹரியோ பட்மாஸ் என்று பெயர். பச்சைச் சோயா.